கோழிக்கூட்டில் போட்ட வெள்ளக்கோடு

வேலணைத் தீவில் நிலத்தடி நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து கிடக்கிறது. மாரியில் குளம் நிரம்பி நின்றால்தான் உவர் கீழே அமுங்கிக் கிடக்கும். அப்போதுதான் கோடையில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கலாம். அதனால் குளத்து நீரைக் கடலுக்கு விடும் மதகுப் பலகைகளைச் சும்மா தூக்க முடியாது. 2008ஆம் ஆண்டு வெள்ளத்தின் மட்டத்தை எட்டினால் மட்டும் இரண்டு பலகை தூக்கலாம் என்பது வயல் செய்யும் கமக்காரர்களின் தீர்மானம். பலகைக்குப் பொறுப்பு தம்பிஐயா.

அந்த மட்டத்தை அவர் வெள்ளம் வந்த அன்றைக்கே சிவப்புக் கோடாகப் போட்டுவிட்டார். அப்போது குளக்கரையில் கைக்கு எட்டியது சரோஜினிதேவியின் கோழிக்கூட்டுக் கால்தான்.

இந்தக் கார்த்திகையில் குளம் பெருகி, கரையோரம் இருந்த நிமலனின் நெல்வயலை மூடியது.

"மூண்டு நாளாப் பயிர் மூழ்கிக் கிடக்கு, அண்ணை. நாளைக்கும் நிண்டால் அழுகிப்போகும்."

"கோட்டுக்கு இன்னும் நாலு விரல் கிடக்கு. கொஞ்சம் பொறும்," என்றார் தம்பிஐயா.

முதல்நாள் முழங்காலளவு நீரில் நின்று அளந்தவர், இன்றைக்கு இடுப்பளவு நீரில் நின்று அளந்தார். நாலு விரல் நாலு விரலாகவே இருந்தது.

அந்நேரம் முட்டை எடுக்க வந்த சரோஜினிதேவி கூட்டில் கையை ஊன்றினாள். கூடு சரிந்தது. கோடு நீருக்குள் போனது.

"அக்கா, கையை எடுக்காதேங்கோ," என்றான் நிமலன். "அண்ணை, கோடு முட்டிட்டுது. பலகையைத் தூக்குங்கோ."

தம்பிஐயா குனிந்து பார்த்தார். கூட்டின் அடியில் நாலு வெறும் பிளாஸ்ரிக் கான்கள் கட்டப்பட்டிருந்தன. அந்த இரண்டாயிரத்து எட்டாமாண்டு வெள்ளத்தில் ஒன்பது கோழி போனபிறகு அவள் கட்டியவை. நீர் ஏற ஏறக் கூடும் ஏறும். கூட்டோடு கோடும் ஏறும். குளம் பனை உயரம் வந்தாலும் நாலு விரல் மிச்சமிருக்கும்.

"அப்ப எட்டாமாண்டு வெள்ளம் எவ்வளவு?" என்றார் மெதுவாக.

"என்ர சமையல் குசினிப் படியில ரெண்டாவது படி வரைக்கும் வந்தது. இண்டைக்கு மூண்டாவது படியும் மூடிட்டுது."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்கள் கோழியளிட்டத்தானே கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்."

இரண்டு பலகை தூக்கப்பட்டன. அடுத்தநாள் மத்தியானம் நெல்லின் நுனிகள் வெளியே தெரிந்தன. நீர் இரண்டாம் படிக்கு இறங்கியதும், கிணறுகளை நினைத்துப் பலகைகளைத் திரும்பப் போட்டார்கள்.

தம்பிஐயா சிவப்புப் பெயின்ற் வாளியோடு குசினிப் படிக்கு வந்தார். கோடு போட முன், படியைக் காலால் ஒருதரம் தள்ளிப் பார்த்தார்.