கூடத்தில் ஏறிய பயணிகள்

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம். கண் இரண்டும் போய் எட்டு மாதம். இப்போது அவருக்கு மிச்சமிருந்த ஒரே டூட்டி, மாலையில் மகள் சமைத்து முடிக்கும்வரை பேத்தியை மடியில் வைத்திருப்பது. ஐந்து மாதக் குழந்தை. யார் தூக்கினாலும் வீட்டை இரண்டாக்கும். அவர் மடியில் மட்டும் சமர்த்தாகத் தூங்கும்.

அந்தச் சமயம் பார்த்துக் கூடத்தில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். பச்சைத் தொப்பிக்காரர்கள், குடையோடு ஒரு கிழவர், சட்டைப் பொத்தான் வரைக்கும் அத்தனை தெளிவு. சத்தம் மட்டும் இல்லை. கண்ணில்லாதவனுக்கு இது என்ன கூத்து என்று திகைத்துப்போனாலும் யாரிடமும் மூச்சு விடவில்லை. கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். அப்புறம் குழந்தையை எவன் அவர் கையில் கொடுப்பான்?

மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தார். அதற்கடுத்த வாரம் ஒரு நாள் ஏழெட்டுப் பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்தொரு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

“படியில நிக்காதீங்க. உள்ள எவ்வளவு இடம் கிடக்கு, தள்ளிப் போங்க.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மகள் வந்தாள்.

“யார்கிட்டப்பா பேசறீங்க?”

“யாருமில்லம்மா.”

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். “பைத்தியமெல்லாம் இல்ல. கண்ணு ஒண்ணும் அனுப்பலன்னா மூளை சும்மா இருக்காது, தானா படம் காட்டும். நிறைய பேருக்கு வருது, வெளிய சொல்ல வெட்கப்படறாங்க” என்றார் டாக்டர். மருமகன் “ரொம்ப நல்லது டாக்டர்” என்றான். பத்து நாளாகியும் குழந்தை மடிக்கு வரவில்லை. “இன்னும் தெரியறாங்களாப்பா?” என்று மகள் தினமும் கேட்டாள், இல்லவே இல்லை என்று அவர் தினமும் புளுகினார். புளுகியும் காரியம் ஆகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

பதினோராம் நாள் அலுத்துப்போய் உண்மையைச் சொன்னார். “இருக்காங்க. பத்தொன்பது பேர்.”

மகள் குழந்தையோடு கிட்டே வந்தாள். “அதுல நம்ம பாப்பா இருக்காளா?”

“இல்லம்மா. முன்ன பின்ன தெரியாதவன் முகமெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. இவளத்தான் ஒரு தடவகூடப் பாக்கல.”

சொல்லிவிட்டுச் சும்மா இருமிக்கொண்டார்.

“கால நல்லா ஊனி உக்காருங்க” என்று மகள் குழந்தையை மடியில் வைத்தாள். பிறகு அவருடைய விரலைப் பிடித்து அதன் முகத்தில் மெல்ல நகர்த்தினாள்.

“உங்க மூக்குதான்ப்பா. பாவம்” என்றாள்.