ஃபோர்மேன் தட்டும் முதல் கம்பம்

சித்தாளாக வந்து சேர்ந்தவளை அந்தக் கட்டட வேலையில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் எங்கே நிற்பது, கலவையை எப்போது நிறுத்துவது, யார் குடித்துவிட்டு வந்திருக்கிறான், யாரைச் சாரத்தில் ஏற்றக் கூடாது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். ஃபோர்மேன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, “அதேதான்” என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பெயர் மேற்பார்வை.

அந்த வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி அவள் கேட்டபோதெல்லாம், “பொம்பளை சொன்னா ஆம்பளைங்க கேப்பாங்களா?” என்று மேனேஜர் சிரித்தார். அப்போது ஆம்பளைகள், அக்கா சொன்ன இடத்தில் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை ஃபோர்மேன் முதுகுவலி என்று சொல்லி வேலையை விட்டே போய்விட்டார். அவர் அந்த முதுகை வளைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அன்று மாலையே மேனேஜர் வெள்ளை ஹெல்மெட்டோடு வந்தார். பத்தடி தூரத்தில் நின்றவர்களிடம் பேச மைக்கும் வைத்திருந்தார். தலைமைப் பண்பு என்றார், முன்னேற்றப் பாதை என்றார், பெண்களால் முடியாதது உண்டா என்றார். இன்ஜினியர் சரியான இடங்களில் கைதட்டினார். ஹெல்மெட் அக்காவின் தலையில் ஏறியது.

மைக்கை அணைத்துவிட்டு மேனேஜர் குரலைத் தணித்தார். “நாளைக்கு முதலாளி, வீடு வாங்க வர்றவங்களைக் கூட்டிட்டு வர்றாரும்மா. கீழ் ஹால்ல கூரையைத் தாங்குற முட்டுக்கம்பமெல்லாம் காடு மாதிரி நிக்குது. போட்டோல அசிங்கமா இருக்கும். காலைல பிரிச்சிடுங்க.”

நேற்றுவரை ‘ஏய்’. இன்று ‘அம்மா’.

அந்த ஹாலின் கூரைக்குக் கான்கிரீட் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. இப்போது கம்பத்தை எடுத்தால் என்ன ஆகும் என்று இன்ஜினியருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் கம்பத்தை ஃபோர்மேன்தான் கூரைக்குக் கீழே நின்று தட்டிக் கழற்ற வேண்டும். அதற்குமுன் ஆட்கள் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். முதுகுவலி எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்கு விளங்கிவிட்டது.

வீட்டில் அவள் புருஷன், அதே இடத்தில் கொத்தனார், ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்தான்.

“என்ன ஃபோர்மேனம்மா, இனிமே சமையல் நான்தானா?”

“முதல்ல தின்ன தட்டைக் கழுவுங்க. அப்புறம் சமைக்கலாம்.”

விஷயத்தைச் சொன்னாள். அவன் ஹெல்மெட்டைச் சட்டென்று கழற்றினான். “வேணாம்னு சொல்லித் திருப்பிக் குடுத்துடு புள்ள.”

“ஏன் குடுக்கணும்? இத்தனை வருஷமா அந்த வேலையை யாரு பாத்தா? கேட்டப்பல்லாம் இல்ல. விழப்போற கூரைக்குக் கீழ நிக்க ஒரு தலை வேணும்னதும் என் தலை ஞாபகம் வந்துடுச்சு அவங்களுக்கு! வேலை என்னுது. விடமாட்டேன்.”

காலையில் ஆட்கள் ஹால் வாசலில் நின்றார்கள். அக்கா சுத்தியலோடு உள்ளே போய் நடுக்கம்பத்தின் பக்கத்தில் நின்றாள்.

“தட்டுங்கம்மா!” என்றது வாசலுக்கு வெளியே மைக்.

“தட்டுறேன் சார். புது ஃபோர்மேன், கை நடுங்குது. நேத்து அவ்வளவு தைரியம் சொன்னீங்களே, பக்கத்துல வந்து நில்லுங்க.”

மேனேஜருக்குப் போன் வந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை. இன்ஜினியரின் லேஸ் மறுபடி அவிழ்ந்திருந்தது.

மேனேஜர் போனைக் காதில் வைத்தபடியே கொத்தனாரிடம் திரும்பினார். “நீங்க ஃபோர்மேன் ஆகறீங்களா?”

“ஐயோ சார், எனக்கு முதுகுவலி.”

வாசலில் சிரிப்பு வெடித்தது. அக்கா மைக் இல்லாமலே குரல் கொடுத்தாள். “கூரை இறுகற வரைக்கும் ஒருத்தரும் ஒரு கம்பத்தைத் தொடக் கூடாது. எல்லாரும் பின்கட்டு வேலைக்குப் போங்க.” எல்லோரும் போனார்கள். வீடு வாங்க வந்தவர்கள் மணல்குவியலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மாலையில் மேனேஜர் வந்தார். “அந்தப் பதவி தற்காலிகம்தான், புரியுதா? ஹெல்மெட்டைக் குடு.” ‘அம்மா’ போய்விட்டிருந்தது.

“தாராளமா சார்.” அக்கா ஹாலின் நடுவே போய் நின்று ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினாள். “வந்து வாங்கிக்குங்க.”

சுற்றிலும் அத்தனை கம்பங்களும் அசையாமல் நின்றன. மேனேஜர் கூரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாசற்படியைத் தாண்டாமலே திரும்பிப் போனார்.

அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கலவையை நிறுத்தச் சொல்லப் போனாள்.