வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

ஊரார் மனசெல்லாம் அத்துப்படி, கூடப்பிறந்தவன் மனசு மட்டும் பிடிபடவில்லை. அக்காக்காரியின் நிலைமை அதுதான். நான்கு மாதமாகத் தம்பி அவளோடு பேசவில்லை. வேலையை விட்டுவிட்டு, அம்மா வீட்டில் அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கிடந்தான். சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்தால் பாதி தின்றுவிட்டுத் திரும்ப வைப்பான். அம்மாவுக்காவது "ம்", "வேணாம்" என்று இரண்டு வார்த்தை கிடைத்தது. அக்கா குரல் கேட்டால் அதுவும் கிடையாது. தான் என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

இத்தனைக்கும் அவள் பார்த்ததோ மனசை அளக்கும் வேலை. மின்னணு இசைக்கு ஆடுவது மனநலத்துக்கு நல்லதா என்று ஆராய்ச்சி. ஆய்வில் சேர்ந்தவர்கள் சனிக்கிழமைதோறும் ஆட்டம் முடிந்து கூடத்தைவிட்டு வெளியே வந்ததும் அவர்கள் போனுக்கு ஒரு படிவம் போகும். 'எல்லோரோடும் ஒன்றாக உணர்ந்தேன்', 'கவலை மறந்தேன்' என்று பன்னிரண்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். ஆளுக்குப் பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும். நெஞ்சுக்கூடு அதிர இரண்டு மணி நேரம் குதித்தவன், வியர்வை காய்வதற்குள் கேட்டால் நன்றாயில்லை என்றா சொல்வான்? ஆறும் ஏழுமாக வந்து குவிந்தன. பக்கத்து மேசைப் புள்ளியியல்காரர், எல்லோரும் 'சராசரி' என்று கூப்பிடுகிற மனிதர், வரைபடம் ஏறுவதைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

தம்பியும் அங்கே ஆடப் போகிறவன்தான். போய்வந்தால் இரண்டு மூன்று நாள் சுருண்டு படுத்துவிடுகிறான் என்று அப்போதே அம்மா புலம்பினாள். மேதாவி மகள் அம்மாவின் வாயை அடைத்தாள்.

"அவன விடும்மா. ஆடறது மனசுக்கு நல்லதுன்னு எங்கிட்ட கணக்கே இருக்கு."

அம்மா நம்பினாள். பெற்ற மகள் அதற்கென்றே படித்தவளாயிற்றே.

கட்டுரை ஆய்விதழுக்குப் போனது. அதைப் பரிசீலித்த யாரோ ஒரு புண்ணியவான் ஒரே ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். படிவம் நிரப்புவதைப் பாதியில் நிறுத்திய பதினேழு பேர் ஏன் நிறுத்தினார்கள்? தொடர்ந்து இரண்டு வாரம் பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது இவர்கள் வழக்கம். போனவர் போனவர்தான். போரடித்திருக்கும் என்று எழுதித் தள்ளிவிடச் சொன்னார் சராசரி. அவளுக்கு மனசு கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் பழைய அட்டவணையைத் திறந்தாள்.

படிவத்தின் அடியில் மரியாதைக்காக ஒரு கட்டம் உண்டு: வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? அதில் வருகிற எழுத்தைக் கூட்டவும் முடியாது, வகுக்கவும் முடியாது. கண்ணை உறுத்துகிறதென்று அட்டவணையில் அந்தப் பத்தியை முதல் நாளே மறைத்து வைத்தவள் அவள்தான். இப்போது அதைத் திறந்தாள்.

கழிப்பறை நாறுகிறது என்று ஒருவர். கால் வலிக்கிறது என்று ஒருவர். அப்புறம் அறுபத்திரண்டாம் எண்.

முதல் வாரம்: 'அக்கா, நான்தான். சொந்தக்காரங்க சேரக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. திருட்டுத்தனமா சேந்துட்டேன், திட்டாத.'

இரண்டாம் வாரம்: 'ஆடும்போது ஏழுதான், பொய் இல்ல. செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கேன்னு நீ கேக்கவே இல்லையே.'

நான்காம் வாரம்: 'தெனமும் ஆபீஸ் பாத்ரூம்ல உக்காந்து அழறேன். ஏன்னு தெரியல. நேர்ல சொல்ல வாய் வரல, இதுல எழுதறது சுலபமா இருக்கு.'

ஆறாம் வாரம்: 'படிச்சிட்டியா? ஒரு போன் பண்ணு, போதும்.'

அதற்குப் பிறகு அந்த எண்ணிடமிருந்து எதுவும் வரவில்லை. ஆறு வாரமும் பன்னிரண்டு ஏழுகள் வரிசையாக நின்றன. அந்த ஏழுகளைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். கைப்பையை எடுத்தாள். சராசரி என்னவோ கேட்டதுகூடக் காதில் விழவில்லை.

அம்மா கதவைத் திறந்ததும் நேராக உள்ளே போய்த் தம்பியின் அறை முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ எழுதினத படிச்சேன்டா."

உள்ளே கட்டில் முனகியது. காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது.

"எப்ப?"

நான்கு மாதத்துக்குப் பிறகு அவன் குரல். கரகரத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. உண்மையைச் சொல்ல அவளுக்கு வெட்கமாயிருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"இன்னைக்குத்தான். அதுவரைக்கும் அந்தப் பக்கம் பாக்கவே இல்லடா."

கதவில் அவன் சாய்ந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

"வாராவாரம் நீ படிச்சிட்டுத்தான் சும்மா இருக்கேன்னு நினைச்சேன். பேசினா ஆராய்ச்சி கெட்டுடும்னு."

அப்படிச் செய்கிறவளா நான் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்க என்ன அருகதை இருக்கிறது? படித்துவிட்டுச் சும்மா இருப்பாள் என்று அவன் நம்பும்படியாகத்தானே இருந்திருக்கிறாள். கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"தெறடா. ஒரே ஒரு தடவை."

"இப்ப வேணாம்க்கா."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அக்கா என்று கூப்பிட்டானே, அதுவே போதும் என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலடிகள் கட்டிலுக்குத் திரும்பிப் போயின. அக்காக்காரி இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கவில்லை.