மேசை போன வழி

வீடு கட்டி விற்கும் அந்த நிறுவனத்தில் கணக்கு எழுத வந்த பெண்ணின் மேசை, அவள் சேர்ந்த மூன்றாம் நாள் கழிவறைக் கதவருகிலிருந்து ஒரு சாண் தூரம் தானாக நகர்ந்து நின்றது. பெருக்க வந்தவள் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டாள். மறுநாளும் நகர்ந்தது. கொத்தனார் ஒருவர் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரையில் குறையில்லை, மேசைக்குத்தான் கொழுப்பு என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் சொன்னபோது அம்மா ஆச்சரியப்படவில்லை. செங்கல் சுமந்தே மகளைப் படிக்கவைத்த சித்தாள் அவள். உச்சந்தலையில் முடி முளைப்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. "நாலு காலு இருக்குதில்ல, நடக்காம என்ன பண்ணும்? நீயும் கூடவே போ," என்றாள்.

மகளும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கூடவே போனாள். டைப்பிஸ்டுகள் பக்கம் சில காலம் சில்லறைச் செலவு எழுதினாள். சிமென்ட், கம்பி பில் பார்த்தவர் ஓய்வுபெற்ற அன்று மேசை சரியாக அவருடைய ஜன்னலை அடைந்திருந்தது. அந்த வேலையும் அவளுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சைட்டுக்குப் போய்ச் சாரத்தில் ஏறி, பில்லில் இருக்கிற கம்பி கட்டிடத்திலும் இருக்கிறதா என்று பார்ப்பாள். மேஸ்திரிகளுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. விற்பனைப் பிரிவில் வாய்ப்பந்தல் என்று பேரெடுத்த ஒருவன், "மேடம், வண்டிக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா?" என்பான். "எடுத்தாச்சு. ஓரமா நில்லு, ஏத்திடுவேன்," என்பாள்.

அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஆண்கள் நேராகத் தலைமைக் கணக்கரின் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள், போரடித்து வேறு வேலைக்கும் போய்விட்டார்கள். அந்த அறையை நினைத்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஆளில்லாத நேரம் பார்த்து மேசையை முழங்காலால் நெம்பியும் பார்த்தாள். நெம்பினால் மட்டும் அது அசையாது. அறை நெருங்க நெருங்க ஏசிக் குளிர் கூடியது. ஒரு சால்வை வாங்கிக்கொண்டாள். காதோரம் நரைத்த வருஷம் மேசையின் விளிம்பு கண்ணாடிக் கதவைத் தொட்டது.

முதலாளியே கதவைத் திறந்துவிட்டார். கையில் ஒரு தாள். அதை மேசைமேல் வைத்தார். "இனி இது உன் ரூம்மா. நாலாவது மாடி முடிஞ்சுதுன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு. பேங்க்ல அடுத்த பணம் வந்துரும்."

மூன்றாவது மாடிக்குமேல் வெறும் கம்பிகள் நிற்பதைப் போன வெள்ளிக்கிழமைதான் அவள் பார்த்திருந்தாள். "நாலாவது இன்னும் போடவே இல்லையே சார்."

"போடாமயா போயிடுவோம்? இத்தனை வருஷம் நீ காத்திருந்தது இந்த ரூமுக்குத்தானே?"

ஆமாம், அதற்குத்தான். பேனாவைத் திறந்தாள். முனை தாளைத் தொடுமுன் மேசை பின்வாங்கியது. இழுத்துவைத்தாள், மறுபடி பின்வாங்கியது. திறந்த பேனாவோடு அவள் துரத்த, அது ஜன்னல், டைப்பிஸ்டுகள், கழிவறைக் கதவு என்று வந்த வழியே ஓடியது. வாய்ப்பந்தல்கூடச் சிரிக்கவில்லை. மாடிப்படியின் விளிம்பில் போய் நின்றுவிட்டது. படி இறங்க அதற்குத் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு, அங்கயே வச்சுப் போடும்மா," என்றார் முதலாளி.

இப்போது மேசை அசையவே இல்லை. போட்டிருக்கலாம். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தபடி நின்றாள். பிறகு பேனாவை மூடி, தாளை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்தாள். சால்வையை உருவிச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, முட்டி மடக்கிக் குனிந்து, மேசையைத் தூக்கித் தலைமேல் ஏற்றிக்கொண்டு, அம்மா சாரத்தில் இறங்குகிற மாதிரி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

இப்போது பில்லையும் கட்டிடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் தொழிலைத் தனியாகத்தான் செய்கிறாள். வீடு வாங்கப்போகிறவர்கள் முதலில் அவளைத் தேடி வருகிறார்கள். மேசை ஒருநாள் மருந்துக்கடை வாசலில் நிற்கும், ஒருநாள் பஸ் நிறுத்தத்தில். இன்று எங்கே என்று டீக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். மேசை அரைகுறைக் கட்டிடத்தின் முன்னால் போய் நின்றுவிட்டால், கட்டுகிறவர்கள் அன்றைக்கே கலவை போட ஆரம்பித்துவிடுகிறார்கள். நாற்காலியை மட்டும் தினமும் அவள்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.