கசியும் சுவர்

சூடேறிய கதிர்வீச்சுத் தடுப்புச் சுவர், அந்தப் பக்கம் இருப்பவர் மனதில் ஓடுவதையும் கசியவிடும் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தெரியவந்தது. இரும்புத்தாது கலந்து ஊற்றிய அந்தக் கான்கிரீட், தனக்குள் பிடித்துவைத்திருக்கும் தண்ணீரை வைத்துத்தான் பாதி வேலையைச் செய்கிறது. சூடு ஏற ஏறத் தண்ணீர் போய்விடும். பிறகு கதிர்கள் பாட்டுக்கு நுழைந்து வரும். எந்தச் சூட்டில் சுவர் கைவிடும் என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனைக்கூடத்தின் பிழைப்பு. இந்தப் பக்கம் நின்று சுவரைச் சூடேற்றுபவள் மனைவி. அந்தப் பக்கம் கசிவை அளக்க உட்கார்ந்திருப்பவர் கணவர். கூடத்தில் அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வேறு ஊரில் பெரிய உலைக்கூடத்தின் பொறுப்பு அவளைத் தேடி வந்திருந்தது. போகட்டுமா என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடப் போய்விட்டார். இந்த மனுஷனுக்கு நான் இருந்தால் என்ன, போனால் என்ன என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. அந்தச் செவ்வாய் மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

முந்நூற்று ஐம்பது டிகிரியில் சுவர் வியர்த்தது. கதிர்களை வெளிவிடும் பெட்டியை இன்னும் திறக்கவேயில்லை, அதற்குள் அவர் குரல் வந்தது. முதலில் பசி. பிறகு, இடது ஷூ கடிக்கிறது. அப்புறம்: "போகாதேன்னு சொன்னா அவ முன்னேற்றத்தைக் கெடுத்தவனாயிடுவேன். நானும் கூட வரேன்னு கேட்டு, வேண்டாம்னுட்டா?" அவள் மனதில் ஓடியதும் அந்தப் பக்கம் போயிருக்கும், ஹெட்போன் மாட்டியிருந்தவருக்கு எட்டவில்லை.

அவள் உலையை அணைத்துவிட்டு ஓடினாள். "ஏங்க, இதை வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார், நிஜமாகவே பயந்துபோய்.

"கூட வாங்க" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆறிய பிறகும் சுவர் கசிந்தது; போன தண்ணீர் திரும்பவில்லை. சோதனைக்கூடம் உடைத்துக் கொட்டச் சொன்ன சுவரை இருவரும் லாரியில் ஏற்றிப் புது ஊருக்குக் கொண்டுபோய், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிறுத்தினார்கள். தரை தாங்குமா என்று மட்டும் வீட்டுக்காரர் கேட்டார். மாமியார் வரும்போதெல்லாம் சுவரை விட்டுத் தள்ளியே உட்காருவார். உம்மணாமூஞ்சியோ இப்போது ஓயாமல் பேசுகிறார், எப்படியும் சுவர் சொல்லிவிடும், நாமே முந்திக்கொள்வோம் என்ற அவசரத்தில். அவள்தான் சில நேரம் அடுப்படியிலிருந்து அதட்டுகிறாள்: "கொஞ்சம் சும்மா இருங்களேன், சுவர் சொல்றது காதுல விழல."