நஹாலே குகையின் நீளம்

எரிமலைத் தீவில், கவூ பக்கத்தில் யாராவது கதை அளந்தால், "நஹாலே குகை மாதிரி நீளுதே உன் பேச்சு" என்பார்கள். அந்தக் கிண்டலைக் கேட்டுக்கொண்டே எழுபதைத் தாண்டியவர் ஏனோகா நஹாலே. பஞ்ச காலத்தில் கலுனா பாட்டன் மேட்டுக் காட்டுக் குகைப் பிலத்தில் தண்ணீர்க் குடுவையோடு இறங்கி, பூமிக்கடியிலேயே நடந்து, கடலோரப் பிலத்தில் ஏறி ஊரின் தாகம் தீர்த்தார் என்பது அவர் குடும்பத்துச் சொல். சொன்னவர்கள் நஹாலேக்கள், அதைவிட வேறு சாட்சி எதற்கு என்பது அவர் எண்ணம். ஊர் அப்படி எண்ணவில்லை.

ஆகவே, குகைகளை அளந்து வரைபடம் போடும் ரெய்கோ தமாஷிரோ ஹீலோ நகரிலிருந்து அனுமதி கேட்டு வந்தபோது, அவர் உடனே தலையசைத்தார். கடலோரப் பிலம் இருக்கும் மேய்ச்சல் நிலத்துக்காரன் மன்னி மெடெய்ரோஸ் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தானாகவே வந்து நின்றான். வேடிக்கை பார்க்கத்தான்.

ஒஹியா மரங்களுக்கும் மரப்பெரணிகளுக்கும் நடுவே காடு திடீரென்று வாய் பிளந்திருந்தது. ஏனோகா விளிம்பில் நின்று, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, உள்ளே வரலாமா என்று முன்னோரைப் பாட்டாகக் கேட்டார். பிறகு காத்திருந்தார்.

"என்ன அங்கிள், பதில் வந்துச்சா? இல்ல, தூங்கிட்டாங்களா?" என்றான் மன்னி.

"உன் வாய் மூடினா வரும்டா."

பெரணிகள் ஒருமுறை அசைந்தன. காணிக்கையாகக் கொண்டுவந்த கீ இலைச் சுருளைக் கையில் பிடித்தபடி ஏனோகா இறங்கினார்.

உள்ளே போனதும் மன்னிகூட அண்ணாந்து பார்த்தான். நெருப்பு ஆறு ஓடி வற்றிய பாதை அது. அந்த ஆறு எந்த மட்டத்தில் ஓடியது, எங்கே தாழ்ந்தது என்று சுவரில் வரிவரியாகத் தழும்பு. கூரையில் உருகிச் சொட்டி உறைந்த கல், சுறாவின் பல்வரிசை போல. அதற்கும் கீழே ஒஹியா வேர்கள் ஈரக் கூந்தலாகத் தொங்கின. அவற்றில் வெளிச்சமே கண்டறியாத வெள்ளைப் பூச்சிகள். விளக்கு பட்ட இடமெல்லாம் கூரை பொன்னாய் மின்னியது.

"அங்கிள், இங்க பாருங்க!" ரெய்கோ குந்தி உட்கார்ந்தாள். தரையில் வளையம் வளையமாக அடுக்கிய சிறு கற்கள். மேலே ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு சொட்டு.

"குடுவை வெச்ச இடம்," என்றார் ஏனோகா. குரல் கொஞ்சம் உயர்ந்தது. "பாத்துக்கோ மன்னி."

"தண்ணி புடிச்சது சரி. நடந்தது எங்க?"

அதற்குப் பதில்போல, சற்றுத் தூரத்தில் பாறைக் குவியல் குகையைக் கூரைவரை அடைத்து நின்றது. மன்னி சிரித்த சிரிப்பு மூன்று தரம் எதிரொலித்தது. "போச்சு! உங்க பாட்டன் சுவத்துல புகுந்து போயிருப்பாரு!"

ஏனோகாவின் கையிலிருந்த கீ இலை நடுங்கியது. கை நடுங்கவில்லை. ரெய்கோ அதைப் பார்த்தாள். குவியலின் அடியில் ஒரு சந்தருகே கன்னத்தை வைத்தாள். "காத்து வருது அங்கிள். அந்தப் பக்கம் வழி இருக்கு. நான் நுழையட்டுமா?"

"எங்க வீடும்மா. நான்தான் முதல்ல."

யாருக்கும் வளையாத அந்த முதுகு தரையோடு தரையாக வளைந்தது. ஊர்ந்து ஊர்ந்து அந்தப் பக்கம் எழுந்தார். விளக்கொளி எட்டும் மட்டும் குகை அகன்று, சரிந்து, கீழ்நோக்கிப் போயிற்று. முகத்தில் மோதிய காற்றில் உப்பு மணத்தது. கடல்! கலுனா நடந்திருக்கிறார்.

திரும்பி மன்னியைக் கூப்பிட வாயெடுத்தபோதுதான் பக்கத்துத் திட்டைப் பார்த்தார். படகுப் பலகை ஒன்று. அதன்மேல் மரப்பட்டைத் துணியில் சுற்றிக் கட்டிய நீண்ட மூட்டை. அருகே ஒரு தண்ணீர்க் குடுவை. பின்னாலிருந்த பாறைக் குவியல் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சரிந்த குவியலே அல்ல. கல்லுக்குக் கல் பார்த்து, கையால் அடுக்கிய சுவர்.

முன்னோர் எலும்பு எங்கே இருக்கிறது என்பதை அந்நியன் அறியக் கூடாது. கவூவில் ஒரு குடும்பத்தின் மானம் அதில்தான் இருக்கிறது. இந்த வழியே மன்னி வந்தால் நஹாலே சொல் மெய்யாகும், இந்த இடம் வரைபடத்திலும் ஏறும். பிறகு யார்தான் வரமாட்டார்கள்?

அவர் விளக்கை அணைத்தார். இருட்டில் கீ இலையைப் பாட்டனின் காலடியில் வைத்தார். வந்த வழியே ஊர்ந்தார்.

"என்ன, கடல் தெரிஞ்சுதா?" மன்னி காத்திருந்தான்.

ஏனோகா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "குகை இங்கயே முடியுதுன்னு போட்டுக்கம்மா."

ரெய்கோவின் கன்னத்தில் காற்று இன்னும் பட்டுக்கொண்டிருந்தது. முடிந்த குகை மூச்சு விடாது. அவள் கீ இலை இல்லாத அவருடைய வெறுங்கைகளைப் பார்த்தாள். வரைபடத்தில் பாறைக் குவியலை வரைந்து, அதன் குறுக்கே அழுத்தமாக ஒரு கோடு இழுத்து மூடினாள். ஏனோகா அவளுக்கு மட்டும் தெரியும்படி தலை தாழ்த்தினார்.

மேலே வெயிலுக்கு வந்ததும் மன்னிக்குக் கொண்டாட்டம். "இனி ஊர் பூரா சொல்லப்போறேன் அங்கிள்!"

"சொல்லுடா." தொப்பியை எடுத்து நேராக வைத்தார் ஏனோகா, முதுகும் நேரானது. "நஹாலே குகை பாதியில முடிஞ்சுதுன்னு சொல்லு. ஏனோகாவே சொன்னான்னும் சேத்துச் சொல்லு."