அரை டம்ளர் தண்ணீர்

"கீழே வைடி டம்ளரை!"

அம்மா பாய்ந்து வந்து பிடுங்கிய வேகத்தில் பாதித் தண்ணீர் மகளின் சட்டையில் கொட்டியது. அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"தொண்டை காயுதும்மா."

"நாக்கை நனைச்சுக்கோ, போதும். வேலைக்குப் போற பொண்ணு இப்படி வயிறு முட்டக் குடிச்சா, கடையில போய் என்னடி பண்ணுவ?"

 கடைத்தெரு முழுக்கப் பெண்கள்தான் வேலை பார்த்தார்கள். துணி விரித்துக் காட்டினார்கள், பொத்தான் தைத்தார்கள், பில் போட்டார்கள். ஆண்களுக்கு ஒதுங்கச் சந்துச் சுவர் இருந்தது. பெண்களுக்கு எதுவும் இல்லை. அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நாளடைவில் அதுவே அடக்கம் என்று ஆகிவிட்டது. தண்ணீர் கேட்கிறவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அம்மா பொத்தான் கடையில் குனிந்தே பாதி வயதைக் கழித்தவள். ஓயாத அடிவயிற்று எரிச்சல். "நிறையத் தண்ணி குடிங்கம்மா" என்று டாக்டர் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டு எழுந்து வந்தாள்.

மகள் எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கதவு இல்லை. இப்போது பொத்தான் கடைக்கு எதிரே துணிக்கடையில் வேலை. வாய் திறந்து பேசாததால் அங்கே அவளுக்கு ஊமச்சி என்று பெயர். ஆனால் அவள் மண்டைக்குள் ஒரு நகரமே கட்டி முடிந்திருந்தது. அந்த நகரத்தில் கோபுரமும் மேம்பாலமும் கிடையாது. தெருவுக்குத் தெரு நீல ஓடு பதித்த ஒரு சின்ன அறை. உள்பக்கம் தாழ்ப்பாள், பை மாட்ட ஓர் ஆணி, திருகினால் கொட்டும் குழாய். துணி மடிக்கும்போது அதை நினைத்துத் தானாகச் சிரித்துக்கொள்வாள்.

அன்று வார்டு உறுப்பினர் தெருவுக்கு வந்தார். துணிக்கடை ஓரமாக நீரூற்று கட்டப் போகிறார்களாம். கடைக்கு மேலே முதலாளியின் வீடு. வேலை செய்பவர்கள் கால் வைக்கக் கூடாத அந்த மாடிப்படிக்குப் பக்கத்திலேயே அதற்குச் சுண்ணாம்பால் வட்டம் போட்டாகிவிட்டது. முதலாளி நீட்ட நீட்ட உறுப்பினர் சோடாவாகக் குடித்துத் தள்ளினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"தண்ணி பீய்ச்சியடிக்கும், கலர் கலரா லைட்டு எரியும்! நம்ம நகரத்தைப் பத்தி இளைஞர்கள் யாராச்சும் ரெண்டு வார்த்தை பேசுங்க!"

யாரும் முன்வரவில்லை. ஊமச்சிக்குக் காலையில் பறிபோன டம்ளர் ஞாபகம் வந்தது. விறுவிறுவென்று போனாள். விருந்தாளிகளுக்காக வைத்திருந்த குடத்தில் செம்பை முக்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தாள். கடைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"எனக்கு ஒரு வாய்டி!"

"எல்லாத்தையும் நீயே குடிக்காதடி, வயித்தெரிச்சல் புடிச்சவளே!"

செம்பு கைக்குக் கை தாவியது. குடம் காலியானது. ஊமச்சி மைக்குக்கு அருகே போனாள். அதைப் பிடித்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயா, நாங்க எல்லாரும் வயிறு முட்டக் குடிச்சிட்டோம். இன்னும் கொஞ்ச நேரத்துல எங்கய்யா போறது? நீரூத்து வேணாம். தாழ்ப்பாள் வச்ச ஒரு ரூம் கட்டிக் குடுங்க."

ஆண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் மனைவிகளும் அக்கா தங்கைகளும் அதே தெருவில்தான் நின்றார்கள். சிரிப்பு அப்படியே வற்றியது.

"மானத்தை வாங்குறியா? நாளையிலேர்ந்து கடைப்பக்கம் தலைகாட்டாத!" என்று முதலாளி கத்தினார்.

"சரிங்க முதலாளி, வரலை. ஆனா இப்ப எங்க போறது?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று ஊமச்சி கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா உறுப்பினரின் மேசைமேல் இருந்த கூஜாவை எடுத்தாள். கழுத்து நரம்பு புடைக்க, சொட்டு மீதி வைக்காமல் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"எனக்குச் சர்க்கரை வேற இருக்கு தம்பி. இதுங்க மாதிரி என்னால தாக்குப்பிடிக்க முடியாது. சட்டுனு சொல்லுங்க."

மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. முதலாளியின் மனைவி.

"மேல வாங்கடி எல்லாரும்! பஸ்ல ஊருக்குப் போற அன்னிக்கு நானும் பச்சைத்தண்ணி பல்லுல படாமத்தான் போறேன். எனக்குத் தெரியாதா?"

"ஏய், என்ன பண்ற நீ?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

கல்படியில் செருப்புகள் தடதடத்தன. எதிர்க்கடைப் பெண்களும் ஓடி வந்து சேர்ந்தார்கள். வரிசை படியிறங்கித் தெருவுக்கு நீண்டது.

"சிரிக்க வைக்காதடி, இங்கேயே ஆயிடும்!"

இதற்குள் சோடா தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. உறுப்பினர் நைசாகச் சந்துப் பக்கம் ஒதுங்கினார். சுவரில் அவருடைய சுவரொட்டி. 'இங்கே அசுத்தம் செய்யாதீர்' என்று அவரே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கூட்டமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்று கால் மாற்றிக் கால் வைத்தார்.

"இன்னும் எத்தனை பேரும்மா?"

"நிறைய பேருங்கய்யா!" படியின் உச்சியிலிருந்து ஊமச்சி எட்டிப் பார்த்தாள்.

"அந்த... நீ கேட்டியே, ரூம். அதை எங்க கட்டினா சவுகரியமா இருக்கும்?"

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். சுண்ணாம்பு வட்டத்துக்கு நட்டநடுவில் நெளிந்துகொண்டிருந்தது.

"நீங்க நிக்கிற இடத்துலதான்யா."